பக்கவாட்டுப் படம்

குன்னூர் பெட்போர்டில்
பேக்கரிக்கு மேல்மாடி, எங்கள் ஸ்கேன் சென்டர்.
வர்க்கி வேகும் வாசனையில்தான்
பதினோரு வருஷமாக எலும்பு எடுக்கிறேன்.

தோடு, சங்கிலி, ஹேர்பின்,
ஒரு முணுமுணுப்போடு தாலிக்கொடியைக்கூடத்
தட்டில் வைத்துவிடுவார்கள்.
போன் மட்டும் கடைசிவரை கையில் இருக்கும்.
இதுவுமா?
இதுவும்தான்.

கழுத்தில் ஏழு எலும்பு.
ஏழாவது எப்போதும் தோளுக்குப் பின்னால் பதுங்கும்.
அதை வெளியே வரவழைக்க
இரண்டு கையிலும் தண்ணீர் பாட்டில் கொடுப்பேன்.
தொங்க விடுங்க. தோள் இறங்கட்டும்.
தாடை கொஞ்சம் மேலே.
மூச்சை அடக்குங்க.

விடுங்க.

முன்பெல்லாம் கழுத்து என்று வந்தால்
ஜீப்போடு உருண்டவர்கள்,
மிளகு பறிக்க சில்வர் ஓக்கில் ஏறி விழுந்தவர்கள்.
இப்போது விழாதவர்கள் வருகிறார்கள்.
எங்கும் போகாமல், எதையும் தூக்காமல்,
கட்டிலில் சாய்ந்தபடியே அடிபட்டவர்கள்.

கோத்தகிரிப் பக்கமிருந்து பெள்ளி வந்தார்,
கேரட் போட்டிருப்பவர்.
மேட்டுப்பாளையம் மண்டி விலை
ராத்திரி இரண்டு மணிக்கு குரூப்பில் வருமாம்.
விலை ஏறவில்லை. கை மரத்துவிட்டது.

வில்லாக இருக்க வேண்டியது
படத்தில் குச்சியாக நிற்கிறது.
கழுத்துக்கு ஒரு வளைவு வேண்டும்.
பர்லியாறு தாண்டி மேலே வந்த யாருக்கும்
இதை விளக்க வேண்டியதில்லை:
நேரே போட்ட ரோட்டில்
எந்த பஸ் இந்த மலை ஏறும்?

செவ்வாய்க்கிழமை டேன்டீயிலிருந்து அரியமலர்,
மகன் நிரோஜனைக் கூட்டிக்கொண்டு.
பத்தொன்பது வயது.
அவன் தலை
அவனைவிட நாலு விரற்கடை முன்னே நடந்து வந்தது.

நிமிர்ந்திருந்தால் தலை ஐந்து கிலோ,
என்றார் டாக்டர் படத்தைப் பார்த்து.
இப்படிக் குனிந்தால்
கழுத்து தாங்குவது இருபத்தேழு.

இருபத்தேழா?
கூடைக் கயிறு பதிந்த உச்சந்தலையைத்
தடவிக்கொண்டே கேட்டார் அரியமலர்.
"நேத்து நான் பறிச்சதும் இருபத்தேழுதான் டாக்டர்.
தராசுல போட்டு, சாக்குக்குன்னு ஒரு கிலோ கழிச்சு,
மிச்சத்துக்குக் காசு எழுதுனாங்க.
இவன் தெனம் சுமக்குறானே,
இதை யாரு நிறுத்து எடுத்துக்கிறா?"

டாக்டர் சிரித்தார்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
அந்தக் கேள்வியை எழுத
எங்கள் பில்லில் கட்டம் இல்லை.
நிரோஜன் குனிந்தே இருந்தான்
வெட்கமோ பழக்கமோ.
பக்கவாட்டில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான்.

பிலிம் கொடுப்பது நின்று மூன்று வருஷம்.
வாட்ஸ்அப்பில்தான் அனுப்புகிறேன்.
படியிறங்கும்போதே திறந்துவிடுகிறார்கள்.
நேராகிப்போன கழுத்தை
விரலால் இழுத்துப் பெரிதாக்கி
குனிந்து பார்த்துக்கொண்டே இறங்குகிறார்கள்.
கீழே பேக்கரிக்காரர் கத்துவார்:
படி, படி!

என் கழுத்தை நான் எடுத்துப் பார்த்ததில்லை.
மழைக்கு முன்னால்
இடது தோளில் ஓர் எறும்பு ஊரும்.
போதும், அதுவே ரிப்போர்ட்.

நேற்று பூட்டிவிட்டு இறங்கினேன். மூடுபனி.
தெருவிளக்கு எரிந்தது, தனக்கு மட்டும்.
குப்பைத்தொட்டி அருகே
கறுப்பாக ஏதோ வண்டி நிற்கிறது என்று நினைத்தேன்.
வண்டி மூச்சு விட்டது.

காட்டெருமை.
முட்டைக்கோஸ் தழையில் முகம் புதைத்து
மென்றுகொண்டிருந்தது.
பிறகு தலையைத் தூக்கியது.
அவசரமே இல்லை.
அத்தனை கனத்தையும்
திமிலிலிருந்து ஒவ்வொரு எலும்பாக.

என் வாய் தானாகச் சொன்னது:
அப்படியே இருங்க.
மூச்சை அடக்குங்க.

அடக்கியது நான்தான்.

பையில் போன் துடித்தது.
ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தேன்.
எட்டுவரை எடுக்கவில்லை.

ஒன்பதில் எடுத்தேன்.
வீட்டிலிருந்து.
வர்க்கி வாங்கி வரச் சொல்லி.